மண்மேடுகள் இருந்த கரை

எமது கரையோரத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் துறைமுகங்களை எழுதியிருக்கிறார்கள்; கோட்டைகளை, முத்துக்குளிப்பை, உப்பளங்களை, மரக்கலங்களில் வந்திறங்கிய அறபு வணிகர்களை எழுதியிருக்கிறார்கள். அந்த வணிகர்கள் இறங்கி நடந்த மணலைப் பற்றி எழுதியவர்கள் அரிது. மணல் சரித்திரத்துக்கு உரிய பொருளல்ல என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து எம்மிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அரசர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின, மணல் மட்டும் அப்படியே கிடந்தது என்ற நினைப்பாக இருக்கலாம். அது அப்படியே கிடக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

எம்முடைய மொழி இந்த விடயத்தில் எம்மைவிடக் கூடுதலாக அறிந்திருந்தது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அலை கொண்டுவந்து குவித்த மணல் மேட்டுக்கு 'எக்கர்' என்று தனியாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்த எக்கரின் மேல் அடும்பு படர்ந்திருக்கும், தாழை மணக்கும், புன்னை நிழல் விரிக்கும். எமது நாட்டின் ஊர்ப் பெயர்களிலும் மணல் உண்டு. வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு, பொத்துவிலில் மண்மலை. அல்குர்ஆனின் 46ஆவது அத்தியாயத்தின் பெயரான 'அல் அஹ்காஃப்' என்ற சொல்லுக்கே காற்று வளைத்த மணற்குன்றுகள் என்றுதான் பொருள். ஆத் கூட்டத்தார் வாழ்ந்த நிலத்தை அது குறிக்கிறது. மணல் மேட்டைக் கண்ட மனிதர்கள் எல்லா மொழியிலும் அதற்கொரு பெயர் வைத்தே நகர்ந்திருக்கிறார்கள்.

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது எம்மவர் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. தேர்தல் காலத்து மேடைகளில் சமூக ஒற்றுமைக்கு உதாரணமாக அதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! மேடையில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அடம்பன் கொடி எங்கே, எதற்காகத் திரள்கிறது என்ற ஞாபகம் இருப்பதில்லை. அது கடற்கரையில் பிறந்த பழமொழி. தனிக்கொடியாக இழுத்தால் கையோடு வந்துவிடும் அந்த அடம்பு, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒன்றோடொன்று பின்னி மணலின் மேல் பாய்போலப் படரும்போது காற்றினால் அந்த மணலைத் தூக்க முடிவதில்லை. கரையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் முதல் கை அதுதான்.

மணல் மேடு எப்படி எழுகிறது என்பதைக் கணக்காக ஆராய்ந்தவர் ஓர் இராணுவ அதிகாரி. ரால்ப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேயர் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டிகளில் அலைந்து திரிந்து, பிறகு இங்கிலாந்தில் காற்றுக் குழாய் அமைத்துப் பரிசோதித்து, 1941இல் ஒரு நூலை வெளியிட்டார். மணல் காற்றில் பறப்பதில்லை, துள்ளுகிறது என்று அவர் காட்டினார். ஒரு மணி துள்ளி விழும்போது கீழே கிடக்கும் மணிகளை உதைத்துக் கிளப்புகிறது. அவை துள்ளி வேறு மணிகளைக் கிளப்புகின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பலத்த காற்றுள்ள சில நாட்கள், மெல்லிய காற்றுள்ள பல மாதங்களைவிடக் கூடுதலாக வேலை செய்துவிடுவது இதனால்தான். அம்பாந்தோட்டை முதல் யால வரையான கரையில் உயர்ந்த மேடுகள் எழுந்திருப்பதன் காரணமும் அதுவே: மழை குறைந்த, மணல் உலர்ந்து கிடக்கும் பிரதேசம், அதன்மேல் மாதக் கணக்கில் வீசும் தென்மேல் காற்று.

துள்ளி வரும் மணல் ஏதாவது ஒன்றில் தடுக்கி நிற்க வேண்டும். அலை ஒதுக்கிய சருகோ ஒரு கட்டையோ தொடக்கத்துக்குப் போதும். அதன் பின்னால் சிறு குவியல் எழும். பிறகு அடம்பு வரும், இராவணன் மீசை வரும். இராவணன் மீசையின் முள் நிறைந்த உருண்டைகள் காற்றில் உருண்டோடுவதைப் பிடிக்க ஓடாத கரையோரப் பிள்ளை இருக்க முடியாது. இந்தப் புல்லின் சிறப்பு, மணல் தன்னை மூட மூட அது மேலே வளர்ந்துகொண்டே போவதுதான். மற்றப் பயிர் மண்ணில் புதைந்தால் சாகும். இது புதைவதனால் வாழ்கிறது. உப்புத் தூறலைத் தாங்கும் இவை முன்னால் நிற்க, அதை அவ்வளவாகத் தாங்காத எருக்கலையும் தாழையும் பின்னால் ஒதுங்கி வளரும். அவற்றுக்கும் பின்னால்தான் மனிதர் தென்னை வைத்தார்கள். அந்த வரிசை ஒருவரும் திட்டமிட்டு வைத்த வரிசையல்ல.

மேடு கடற்கரைக்கு என்ன செய்கிறது? மதிலைப்போல் நின்று கடலைத் தடுக்கிறது என்று மட்டும் நினைப்போம். அது பாதி உண்மை. வயலும் கடலும் அருகருகே கிடக்கும் எமது பிரதேசத்து வாசகர்களுக்கு நெற்பட்டறையை வைத்துச் சொன்னால் விளங்கும். வெள்ளாமை வெட்டிய காலத்தில் பட்டறை நிறைகிறது; பஞ்ச மாதத்தில் அதிலிருந்துதான் உலை கொதிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்கடல் மூர்க்கம் கொண்டு கரையைத் தின்னத் தொடங்கும். கடற்கரை மணல் தீர்ந்தபின் அலை மேட்டின் அடியை அறுக்கும். மேடு சரிந்து விழும். பார்ப்பவருக்கு அது அழிவு. ஆனால் சரிந்த மணல் தொலைந்து போவதில்லை. அலையோடு உள்ளே போய்க் கரைக்குச் சற்றுத் தூரத்தில் நீருக்கடியில் ஒரு திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் தட்டி அங்கேயே உடைந்துவிடுகின்றன. கரைக்கு வந்து சேரும்போது அவற்றின் வீரியம் போய்விடும். மாசி, பங்குனி பிறந்து கடல் அடங்கியதும் சிற்றலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போடும். வெயில் அதை உலர்த்தும். காற்று அதை மேட்டுக்கு ஏற்றும். இராவணன் மீசை பிடித்து வைக்கும். கரைவலைத் தொழிலாளர்கள் இந்தப் போக்கையும் வரவையும் நாட்காட்டியைப்போல அறிந்து வைத்திருந்தார்கள். அதற்கேற்ப வாடியைப் பின்னுக்கு நகர்த்துவார்கள், முன்னுக்குக் கொண்டுவருவார்கள். கல்வீட்டை அப்படி நகர்த்த முடியாது.

மேடு இல்லாத இடத்தில் மதில் கட்டினால் அலை மதிலில் மோதித் திரும்பும்போது மதிலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. மதில் நிற்கும், அதற்கு முன்னாலிருந்த கடற்கரை இல்லாமற் போய்விடும். மதிலுக்கும் மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொரு நன்மையை நாம் அடியோடு மறந்துவிட்டோம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் இரண்டு முழம் தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும். மழைநீர் மேட்டின் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஒல்லாந்தரும் அதன் பின்னர் ஒரு ஜெர்மனியரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது. அம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணல் மேடுகளிலிருந்தே குடிநீர் எடுத்தது. மேட்டை ஒரு மீற்றர் வெட்டித் தாழ்த்துபவர் கிணற்றில் எத்தனை மீற்றரை வெட்டுகிறார் என்பதை இக்கணக்கை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். 2004இல் கடல் புகுந்தபின் கிழக்கிலும் தெற்கிலும் பல்லாயிரம் கிணறுகள் உப்பாகிப்போனதை நாம் கண்டோம்.

மணல் மேட்டுக்குச் சட்டம் எழுதிய நாடுகள் அந்த அறிவைச் சும்மா பெறவில்லை. பாடம் படித்துத்தான் பெற்றன. டென்மார்க்கின் அரசன் மூன்றாம் கிறிஸ்தியன் 1539இல் மேடுகளில் வளரும் புல்லை வெட்டுவதைத் தடை செய்தான். ஆடு மாடு மேய்த்தும், கூரைக்கும் எரிப்பதற்கும் புல்லை அறுத்தும் மக்கள் மேட்டை மொட்டையடித்திருந்தார்கள். கட்டவிழ்ந்த மணல் வயல்களை மூடியது. தடை வந்தும் பயன் குறைவு. நாட்டின் வடமுனையிலுள்ள ஸ்காகன் என்ற ஊரின் தேவாலயத்துக்குள் நுழைய மக்கள் 1775 முதல் ஒவ்வொரு தடவையும் மணலைத் தோண்ட வேண்டியிருந்தது. 1795இல் அதைக் கைவிட்டார்கள். கோபுரம் மட்டும் கடலோடிகளுக்கு அடையாளமாக இன்றும் மணலிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஸ்கொட்லாந்தில் 1694இல் கல்பின் என்ற செழிப்பான பண்ணையை மணல் மூடியது. மறு வருடமே அந்நாட்டுப் பாராளுமன்றம் மேடுகளிலிருந்து புல்லும் பற்றையும் பிடுங்குவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது.

ஸ்காகனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மணற்காட்டு நினைவுதான் வரும். அங்கும் பழைய புனித அந்தோனியார் தேவாலயம் ஒன்று மணலில் புதைந்து, சுவர்கள் மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. உல்லாசப் பயணிகள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அதே வடமராட்சிக் கிழக்கு மேடுகளிலிருந்துதான் குடாநாட்டின் வீடுகளுக்கு மணல் போனது. ஒரு பக்கம் மணல் ஆலயத்தை மூடுகிறது. மறு பக்கம் மனிதர் அந்த மணலைச் சுமந்து போகிறார்கள். இரண்டுமே கட்டவிழ்ந்த மணலின் கதைதான்.

எம்மை ஆண்டவர்களில் ஒல்லாந்தர் மணல் மேட்டை ஊரின் மதிலாகக் கொண்ட நாட்டவர். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. கறுவாவுக்கும் உப்புக்கும் யானைக்கும் சட்டம் போட்டார்கள். எமது நாட்டில் கரையைக் காப்பதற்கென்று தனியான சட்டம் 1981இல்தான் வந்தது: 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் என்று கரையோர வலயத்துக்கு அது எல்லை வகுத்தது. தாளில் அந்தச் சட்டம் நல்ல சட்டம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சட்டங்களையெல்லாம்விடத் தெளிவான பாடம் ஒன்று யாலவில் நடந்தது. அந்த வனப் பிரதேசத்தின் கரையோரம் உயர்ந்த மணல் மேடுகள் தொடராகக் கிடக்கின்றன. 2005 ஜனவரியில் இலங்கைக் கரைகளைச் சுற்றி அலையின் உயரத்தை அளந்த சர்வதேச ஆய்வுக் குழுவொன்று தன் முடிவுகளை அவ்வருடமே 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டது. யாலவிலிருந்த ஹோட்டல் ஒன்று, விருந்தினர்கள் கடலைத் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தன் முன்னாலிருந்த மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை அந்த இடைவெளியால் நுழைந்தது. ஹோட்டல் முற்றாக அழிந்தது. பக்கத்தில், கைபடாத மேடுகளின் பின்னால் அளந்த நீர்மட்டத்தைவிட ஹோட்டல் நிலத்தில் அளந்த நீர்மட்டம் வெகுவாக உயர்ந்திருந்தது. ஒரே கரை, ஒரே அலை, ஒரே காலை.

சில வருடங்களின் பின் நான் அங்கு போனேன். அத்திவாரங்கள் மட்டும் எஞ்சிக் கிடந்தன. அங்கிருந்து பார்த்தால் கடல் உண்மையிலேயே அழகாகத்தான் தெரிகிறது.

இதை வைத்து, மேடு இருந்திருந்தால் எமது ஊர்களில் எவரும் மௌத்தாகியிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களும் உண்டு, அது சரியல்ல. ஆளுயர மேட்டை அதைவிட உயர்ந்து வந்த அலை கடந்துதான் போகும். கழிமுகங்களும் தாழ்ந்த இடைவெளிகளும் உள்ள இடத்தில் நீர் அவற்றில் குவிந்து கூடிய வேகத்தோடு பாயும். ஆனாலும், கடக்க ஒன்று இருப்பதும் கடக்க ஒன்றுமே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான எமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு மணற்கீலத்தில் அமைந்தவை. எங்கள் மூத்தம்மா சிறு பெண்ணாக இருந்தபோது கடற்கரைக்குப் போவது என்பது ஏறி இறங்குவதாம். "மேட்டுல ஏறினாத்தான் மனே கடலு தெரியும்" என்பார். வீடுகள் உள்ளே இருந்தன, அப்பால் தென்னந்தோட்டம், அதற்கப்பால் மேடு, மேட்டுக்கு அடியில் வாடிகள். பெருநாளைக்கு முன் பெண்கள் கடகத்தில் வெள்ளை மணல் அள்ளி வந்து வளவில் பரப்புவார்கள். பள்ளிவாசல் முற்றத்துக்கும், மையவாடியில் புதிய கபுறுக்கும் அந்த மணல்தான். கடகத்தால் அள்ளிய மணலைக் கடல் ஒரு பருவத்தில் திருப்பித் தந்துவிடும்.

பிறகு மாட்டுவண்டி வந்தது; அதற்குப் பிறகு உழவு இயந்திரம்; அதற்கும் பிறகு டிப்பர். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி 900க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதோடு கிழக்கின் தென்னந்தோட்டங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. வெறுமையான அந்த நிலத்தை மக்கள் நெடுநாள் வெறுமையாக விட்டிருக்க முடியவில்லை. குடும்பங்கள் பெருகின, மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்து வைப்பது எம்மவர் வழக்கம், மேற்கே வயலில் மண் நிரப்ப வசதியில்லாதவர்கள் கிழக்கே கடலை நோக்கிப் போனார்கள். இன்னொரு பக்கம் யுத்தம். 1990க்குப் பின்னர் இருந்த இடத்தை விட்டு வேறெங்கும் பரவ முடியாத நெருக்கடி. மேட்டை மட்டமாக்கி அதன்மேல் வீடு கட்டியவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனமில்லை. வேறு நிலம் இருந்திருந்தால் அவர்கள் அங்கே போயிருக்க மாட்டார்கள். மேடு என்ன செய்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் அந்த ஞாயிறு காலையில் இறந்தார்கள். மாவட்டங்களில் அதுவே மிகக்கூடிய எண்ணிக்கை.

அதன்பின் அரசாங்கம் இடைவலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஏன் எமக்கு மட்டும் இரட்டிப்பு என்ற கேள்வி அன்று எழுந்தது. திருப்தியான பதில் கிடைக்கவில்லை. சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ 200 மீற்றரை விட்டுக் கொடுத்தால் ஊரில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் படம் வரைந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உல்லாச ஹோட்டல்களுக்கு இளக்கம் காட்டப்படுவதாக அப்போதே குற்றச்சாட்டும் கிளம்பியது. பின்னர் அந்தத் தூரங்கள் குறைக்கப்பட்டன. மாற்றுக் காணி தேடி அலைந்தவர்களின் கதை தனிக்கதை. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் பல்லாண்டு காலம் ஆளின்றிப் பூட்டிக் கிடந்ததை இப்பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. அத்தனை வாதத்திலும் மீற்றர்தான் பேசப்பட்டது, மணல் பேசப்படவில்லை. மனிதர்களை அகற்றிய அந்த வெறும் நிலத்தில் மேட்டை மீண்டும் எழுப்புவதைப் பற்றி ஒரு பேச்சு இருந்திருக்க வேண்டும். இரண்டு வரிசை தென்னோலை வேலி போட்டு, நடுவே அடம்பு நட்டு, ஆடு மாடு மிதிக்காமல் சில வருடம் காத்திருந்தால் மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொள்ளும். சில இடங்களில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு வேகமாக வளரும், படம் பிடித்தால் பச்சையாகத் தெரியும். ஆனால் அதன் சருகு தடிப்பாக விழுந்து கீழே அடம்பையும் புல்லையும் வளரவிடாது. மணலைப் பிடிக்கும் பயிர் போய்விடும். ஆமை முட்டையிடவும் அங்கே ஏறாது.

ஒலுவிலைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாகத் தொடங்கிய துறைமுகம் அது. அவர் 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்தார். வேலை 2008இல் தொடங்கி, 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. எமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலையோடு நடந்துகொண்டே இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஆறு என்று அதைச் சொல்லலாம். அதற்கு மணல் கொடுக்கும் ஆறுகளில் முக்கியமான கல்லோயாவுக்கு 1949இல் தொடங்கிய திட்டத்தில் அணை விழுந்தது. மேலிருந்து வரவேண்டிய மணலில் ஒரு பங்கு அப்போதே குளத்தில் தங்கத் தொடங்கிவிட்டது. எஞ்சிய நடையின் குறுக்கே இரண்டு அலைதாங்கிகள் கருங்கல்லால் நீண்டபோது மணல் தெற்கே தங்கியது, துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. ஒலுவிலின் வடக்குக் கரையில் தென்னைகளும் தோட்டங்களும் கடலுக்குள் போயின. வாயிலில் மணல் நிறைந்து தோணிகள் வெளியேற முடியாமல் மீனவர்கள் வீதிக்கு இறங்கியதையும் கண்டோம். பட்டறையில் நெல் இருந்திருந்தால் இந்தப் பஞ்சத்தைக் கரை சில வருடமாவது சமாளித்திருக்கும். பட்டறைதான் எப்போதோ வெறுமையாகிவிட்டதே.

அந்தத் துறைமுகத்துக்குக் கடன் தந்த நாடு டென்மார்க். மணல் மேட்டில் புல் அறுக்கக் கூடாது என்று 1539இல் கட்டளை பிறப்பித்த அதே டென்மார்க். கடன் ஒப்பந்தத்தோடு அந்தக் கட்டளையின் பிரதியொன்றையும் யாராவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்று ஒரு நண்பர் பகிடியாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கடந்த மாரியில் எமது கரையோர ஊர் ஒன்றில் ஒரு மையவாடியைப் பார்க்கப் போயிருந்தேன். கிழக்கு மதில் சரிந்து மணலில் குப்புறக் கிடந்தது. மதிலுக்கும் கடலுக்கும் இடையில் முன்பு இரண்டு வாடிகளும் வலை காயப்போடும் இடமும் இருந்ததாம். மீசான் கட்டைகள் சில சாய்ந்திருந்தன. கடலோரத்துக் கபுறுகளில் எஞ்சியவற்றை எடுத்து மேற்கே அடக்குவதா, அப்படியே விடுவதா என்று ஊர்ப் பெரியவர்கள் பள்ளிவாசலில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே லொறிகளில் கருங்கல் வந்தது. கல் போட்ட இடத்தில் இப்போது அரிப்பு நின்றிருக்கிறது. கல் முடியும் இடத்திலிருந்து வடக்கே, அடுத்த ஊரின் எல்லையில், மூன்று தென்னைகளின் வேர் வெளியே தெரிகிறது.